ஊன்றிய கால்

மியூனிக்கில் தங்கை வீட்டில் போய் இறங்கிய முதல் ராத்திரியே மருமகனோடு வாய்த்தகராறு. அவனுக்கு 12 வயது. சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கன்ட்ரோலரைப் பிடித்தபடி ஏதோ ஒரு கிளப்பை ஆட வைத்துக்கொண்டிருந்தான். விமானத்தில் கால் நீட்ட முடியாமல் வந்த அலுப்பில் நான் பக்கத்தில் சாய்ந்து கிடந்தேன். திரையில் ஒரு விங்கர் வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடினான். பெட்டிக்குள் நுழைந்தான். பந்து வலது காலருகே வந்ததுதான் தாமதம், சடாரென்று அடித்தான். கோல். பையன் சோபாவிலேயே துள்ளினான்.

“ஏண்டா, இவன் இடதுகால்காரன்தானே?”

“ஆமா மாமா.”

“அப்ப வலது கால்ல எப்படி அடிச்சான்?”

“வீக் ஃபுட் மூணு ஸ்டார் மாமா. மூணுன்னா பரவால்ல, போகும்.”

“போகுமா போகாதாங்கறது கேள்வியே இல்ல. அவன் அந்தக் கால்ல அடிச்சிருக்கவே மாட்டான்.”

பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கோல் விழுந்த பிறகு அது விழுந்திருக்காது என்று சொல்லும் ஆளை அவன் இதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. சமையலறையிலிருந்து தங்கையின் குரல் வந்தது: “அண்ணே, வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிட்டீங்களா?”

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு உண்டு. மதுரையில் பள்ளி அணியில் நான் லெஃப்ட் பேக். நான் இடதுகால்காரன் அல்ல; அணியில் இடதுகால்காரனே இல்லை என்பதால் பி.டி. மாஸ்டர் என்னைப் பிடித்து அங்கே நிறுத்தினார். இடது ஓரத்தில் பந்து வந்தால், அதை அப்படியே இடது காலால் முன்னே தூக்கிப் போடுவதுதான் முறை. நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. பந்தை நிறுத்துவேன், உடம்பை உள்ளே திருப்புவேன், வலது காலுக்கு மாற்றுவேன், பிறகு அடிப்பேன். அதற்குள் எதிரணிக்காரன் வந்து நிற்பான். என் இடது கால் அடித்த மோசமான அடி எதையும் யாரும் பார்த்ததில்லை. அது அடித்தால்தானே பார்ப்பதற்கு! அதைக் கூப்பிடாமல் நான் சுற்றி வந்த சுற்றுகளைத்தான் ஊரே பார்த்தது.

“சரி, நாளைக்கு உங்களை ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க வந்து சொல்லுங்க” என்றான் பையன். பந்தயம் போலத்தான் சொன்னான்.

மறுநாள் காலை ஹாராஸ் நிலையத்தில் படியிறங்கி யூ6 ரயிலைப் பிடித்தோம். நகரத்தின் தெற்கிலிருந்து வடக்குக்கு ஒரே கோடாக ஓடும் தடம். மாரியன்பிளாட்ஸில் கூட்டம் ஏறி, பல்கலைக்கழகத்தில் பாதி இறங்கியது. வடக்கே போகப் போக ரயில் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, மரங்களுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே வெயிலில் ஓடியது. வழி நெடுக எனக்குப் பாடம் நடந்தது.

அவன் ஆடுவது இஏ ஸ்போர்ட்ஸ் விளையாட்டு. ஃபிஃபா என்ற பெயரில் 30 ஆண்டு ஓடி, 2023இல் பெயர் மாறி எஃப்சி ஆனது. அதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வலுவான கால் இது என்று ஒரு குறிப்பு. மற்ற காலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். நட்சத்திரம் குறைந்தால் அந்தக் காலால் அடிக்கும் பந்து விலகும், வேகம் குறையும். ஐந்து என்றால் இரண்டு காலும் ஒன்று. “சிம்பிள் மாமா” என்றான்.

சிம்பிளாக இருப்பதுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. ஜப்பானின் கோனாமி நிறுவனம் இதையே வேறுவிதமாகப் பிரித்திருக்கிறது. புரோ எவல்யூஷன் சாக்கர் என்று நாம் அறிந்த, இன்று ஈஃபுட்பால் என்று வழங்கும் ஆட்டத்தில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு. பலவீனக் காலை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துவான் என்பது ஒன்று; பயன்படுத்தினால் எவ்வளவு துல்லியம் என்பது இன்னொன்று. லண்டனில் உருவாகும் ஃபுட்பால் மேனேஜர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இரண்டு கால்களுக்கும் தனித்தனியே 20 வரை மதிப்பு வைத்துக்கொண்டு, நம் கண்ணுக்கு அதை ‘மிகவும் வலு’, ‘சுமார்’, ‘பலவீனம்’ என்ற மாதிரி சொற்களாகக் காட்டுகிறது. அதற்கு மேல் பழக்கங்கள்: வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வருவான், பலவீனக் காலைத் தவிர்ப்பான். தவிர்ப்பதும் ஒரு குணம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் நிஜம் எட்டிப் பார்க்கிறது.

“ஆனா அதுல நீங்க ஆட முடியாது மாமா, கோச்சா உக்காந்து பாக்கத்தான் முடியும்” என்றான் பையன். பேச்சோடு பேச்சாக அவன் போட்ட இந்தக் குறிப்பு எவ்வளவு ஆழமானது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஃப்ரோட்மானிங் நிலையத்தில் இறங்கினால் அல்லியான்ஸ் அரங்கம் தூரத்திலேயே தெரிகிறது. ஹெர்சாக், டி மெய்ரான் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்து 2005இல் திறந்தது. காற்றடைத்த வெண்மெத்தைகளைத் தைத்துப் போர்த்திய பெரிய கிண்ணம் மாதிரி இருக்கிறது. நிலையத்திலிருந்து அதுவரை அகன்ற மேடை போன்ற நடைபாதை. ஆட்ட நாளில் இதில் தலைகள் மட்டுமே தெரியும் என்றான் பையன். அன்று நாங்களும், செல்ஃபி எடுத்தபடி நின்று நின்று போன ஒரு குடும்பமும், காற்றும்தான்.

வழிகாட்டியோடு உள்ளே போய், 75,000 பேர் உட்காரும் அரங்கத்தின் ஒரு காலி வரிசையில் உட்கார்ந்தோம். கீழே புல்வெளி அவ்வளவு பச்சையாக, அவ்வளவு சமமாக இருந்தது. அதுதான் திரைக்குள்ளிருந்து எடுத்து வைத்தது போலத் தெரிந்தது. நான் இடது ஓரத்தைக் காட்டினேன்.

2006 ஜூன் 9. உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் இந்த மைதானத்தில்தான். ஜெர்மனியும் கோஸ்டா ரிகாவும். ஆறாவது நிமிடத்தில் இடது ஓரத்தில் லெஃப்ட் பேக் ஃபிலிப் லாமிடம் பந்து வந்தது. கையில் கட்டோடு ஆடிய சின்ன உருவம். அவரும் என்னைப் போல வலதுகால்காரர். இடது ஓரத்தில் நிறுத்தப்பட்டவர். என்னைப் போலவே பந்தை உள்ளே திருப்பினார். அதற்குப் பிறகு என்னைப் போல அல்ல. பெட்டியின் ஓரத்திலிருந்து வலது காலால் வளைத்து அடித்த பந்து, தூரத்து மேல் மூலையில் போய் விழுந்தது. அந்த உலகக் கோப்பையின் முதல் கோல் அது.

அந்தக் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். லாம் இடதுகால்காரராக இருந்திருந்தால் அது நடந்தே இருக்காது. ஓரமாகவே ஓடிப் போய், கோட்டருகே நின்று, நடுவே ஒரு கிராஸ் போட்டிருப்பார். இடது காலை நம்பாததால்தான் உள்ளே வந்தார். உள்ளே வந்ததால் கோல் கண்ணுக்குத் தெரிந்தது. பலவீனம் ஆட்டத்துக்கே ஒரு கோணத்தைத் திறந்துவிட்டது.

இதே மைதானத்தின் எதிர் ஓரம் ஆரியன் ராபனுடையது. நெதர்லாந்துக்காரர், 2009 முதல் 2019 வரை பாயர்ன் மியூனிக்கில் ஆடினார். இடதுகால்காரரை வலது ஓரத்தில் நிறுத்தினார்கள். பந்தோடு ஓரமாக வருவார். இடது காலால் உள்ளே வெட்டுவார். பெட்டிக்கு இணையாகச் சில அடி ஓடுவார். இடது காலால் அடிப்பார். இதை உலகமே அறியும். எதிரே நிற்கும் டிஃபெண்டரும் அறிவார். இருந்தும் நடந்தது. என்ன செய்வார் என்பது தெரியும், எப்போது செய்வார் என்பதுதான் தெரியாது. அந்த ஒரு கணத்தை அவர் கடைசிவரை கையில் வைத்திருந்தார்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ராபன் உள்ளே வருவார் என்று டிஃபெண்டர் உள்பக்கத்தை அடைத்து நின்றால், வெளிப்பக்கம் காலியாகும். அந்தக் காலி இடத்தில் பின்னாலிருந்து ஓடி வருவது யார்? அதே லாம், இப்போது பாயர்னின் ரைட் பேக்காக. எதிர் ஓரத்தில் வலதுகால்காரர் ரிபெரி உள்ளே வர, அவருக்குப் பின்னாலிருந்து இடதுகால்காரர் அலாபா வெளியே ஓடுவார். இரண்டு மனிதர்களின் கால் விருப்பம், பதினொரு பேரின் ஓட்டத்தையே வரைந்துவிடுகிறது. ஒரு காலுக்கு நட்சத்திரம் போட்டு முடிக்கிற விஷயமா இது?

“உன் கேம்ல டிஃபெண்டர், எதிராளி எந்தக் கால்காரன்னு பாத்து நிக்கிறானா?” என்று கேட்டேன்.

பையன் கொஞ்சம் யோசித்தான். “இல்ல மாமா. பந்து எங்க இருக்கோ அங்க நிப்பான்.”

“பாத்தியா. நிஜத்துல ஒருத்தனோட கால் அவனுக்கு மட்டும் சொந்தமில்ல. எதிரே நிக்கிறவனும் அதை மனசுல சுமந்துட்டுத்தான் ஆடறான்.”

2012 மே 19 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டமும் இங்கேதான் நடந்தது. சொந்த மைதானத்தில் செல்சியோடு பாயர்ன். கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை ராபன் எடுத்தார். இடது காலால்தான். செல்சி கோல்கீப்பர் செக் தடுத்துவிட்டார். கடைசியில் பெனால்டி வரிசையில் கோப்பையும் போனது. அடுத்த வருடம் மே 25, லண்டன் வெம்ப்லி, எதிரே டார்ட்மண்ட். 89ஆவது நிமிடத்தில் அதே ராபன், அதே இடது கால். பலத்த அடி எதுவும் இல்லை; கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய, பந்தை மறுபக்கம் மெதுவாக உருட்டி விட்டார். கவிழ்த்ததும் கரையேற்றியதும் ஒரே கால். பெனால்டி தவறியதற்கு எந்த நட்சத்திரத்தைக் குறைப்பது?

அரங்கத்தின் அருங்காட்சியகத்தை வேகமாகப் பார்த்தோம். கோப்பைகள் எல்லா ஊரிலும் கோப்பைகள்தான். வெளியே வந்து பக்கத்துக் குன்றில் ஏறலாம் என்றான் பையன். ஃப்ரோட்மானிங் குன்று இயற்கையானது அல்ல. நகரம் பல வருடங்கள் கொட்டிய குப்பையின் மேல் மண்ணும் புல்லும் போர்த்தியது. உச்சியில் 1999 முதல் ஒரு காற்றாலை சுற்றுகிறது. அடிவாரத்தில் சின்னதாக, வெள்ளையாக ஒரு பழைய தேவாலயம். ஃப்ரோட்மானிங் என்றொரு கிராமம் இங்கே இருந்ததற்கு மிச்சமிருக்கும் சாட்சி அது.

சரிவில் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், அதே தேவாலயம் இன்னொரு முறை நிற்கிறது. பாதி உடம்பு குன்றுக்குள் புதைந்திருக்கிறது. டிம் உல்ரிக்ஸ் என்ற கலைஞர் 2006இல் செய்து வைத்தது: அசலின் அதே அளவில் ஒரு கான்கிரீட் நகல். ‘மூழ்கிய கிராமம்’ என்று பெயர். நகலின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, பையன் அசலையும் நகலையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு முந்தைய ராத்திரி வாய்த்தகராறு ஞாபகம் வந்தது.

2021இல் வந்த ஃபிஃபா 22க்காக, 22 தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உணர்கருவிகள் பொருத்திய உடை மாட்டி, முழு ஆட்டம் ஆட விட்டு, அசைவுகளைப் பதிவு செய்தார்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது, எல்லாம் நகலுக்கு வந்துவிட்டது. உருவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஒருவன் ஏன் அந்த இடத்தில் திரும்பினான் என்பதை உடையால் பதிய முடியுமா? அது தெரிய வேண்டுமானால், அவன் செய்யாமல் விட்டதும் தெரிய வேண்டும். அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் ஆடிய 236 பேரின் கால்களை கேரி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். ஆய்வு 2001இல் வெளியானது. சுமார் 79 சதவீதம் பேர் வலதுகால்காரர்கள். சாதாரண ஜனங்களிடம் உள்ள அதே விகிதம்தான். அவர்களில் இரண்டு காலையும் சமமாகப் பயன்படுத்தியவர்கள் மிக அபூர்வம். எனக்குப் பிடித்த முடிவு அடுத்தது: அந்த மற்ற காலை அபூர்வமாகப் பயன்படுத்திய நேரங்களில், சராசரியாக அவர்கள் வலுவான காலுக்கு இணையாகவே சமாளித்தார்கள். உலகத்தரத்து ஆட்டக்காரரின் பலவீனக் கால் அவ்வளவு பலவீனம் இல்லை. அதைப் பயன்படுத்தாமல் இருக்கும் பழக்கம்தான் பலம். சரியாக வரும் என்று தெரிந்த இடத்தில் மட்டுமே அதை இறக்குகிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம்.

2002 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், கிளாஸ்கோவில், வானத்திலிருந்து இறங்கிய பந்தை ஜிடான் இடது காலால் அந்தரத்திலேயே அடித்த கோல் நினைவிருக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு ஜெர்மன் கிளப்தான், லெவர்குசன். ஜிடான் வலதுகால்காரர். நட்சத்திரக் கணக்குப்படி அதை அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆய்வின் கணக்குப்படி, வேறு வழியில்லாத ஒரு கணத்தில் தயாராகவே இருந்த கால் அது.

குன்றின் உச்சியில் உட்கார்ந்து, தங்கை கட்டிக் கொடுத்த இட்லியைப் பிரித்தோம். கீழே நெடுஞ்சாலையில் கார்கள் பூச்சி வரிசை போல ஊர்ந்தன. அங்கேதான் பையன் தன் தரப்பைச் சொன்னான்.

“மாமா, நான் பட்டனை அமுக்கினா உடனே அடிக்கணும். இவன் எனக்குப் பிடிச்ச கால் இது இல்லன்னு பந்தை உருட்டிட்டு இருந்தான்னா, நான் கேமை மூடிட்டுப் போயிடுவேன்.”

அவன் ரயிலில் சொன்னது இப்போதுதான் உறைத்தது. பயிற்சியாளனாகப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்டத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு மனசு இருக்கலாம். விரல் நுனியில் ஆட்டுகிற ஆட்டத்தில் மனசு நம்முடையது, கால் மட்டும் அவனுடையது. பட்டனை அழுத்திய பிறகு அவன் தயங்கினால், அது நமக்கு அவனுடைய குணமாகத் தெரியாது. எந்திரக் கோளாறாகத் தெரியும். ஆகவே தயக்கத்தை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அடியில் பிழையைச் சேர்க்கிறார்கள். உடனே அடி, ஆனால் தப்பாக அடி. தயாரிப்பாளர்களின் அறியாமை அல்ல அது. விளையாடுகிறவனோடு செய்துகொண்ட ஒரு சமரசம். பையனுக்கு இட்லியைக் கூட ஒன்று வைத்தேன். அவன் பாதி ஜெயித்திருந்தான்.

ஆனால் அந்தச் சமரசத்தில் கைவிட்டுப் போகிற அழகுக்கு யார் கணக்கு? போர்ச்சுகலின் குவரெஸ்மா வலது காலின் வெளிவிளிம்பால் பந்தை வளைக்கும் அடிக்கு ட்ரிவேலா என்று பெயர். இடது காலால் அடிக்க வேண்டிய இடத்தில் இடது காலைத் தவிர்த்ததில் பழகிய வித்தை. 2018 உலகக் கோப்பையில் ஈரானுக்கு எதிராக அப்படி ஒரு கோல் போட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டில் ட்ரிவேலா ஒரு நகை. தனி முத்திரையாக ஆட்டக்காரனுக்குப் பூட்டி விடுகிறார்கள். நிஜத்தில் அது ஊன்றுகோல். நொண்டியபடி நடந்த நடையே நடனமாகிப் போனது.

அன்று ராத்திரி மழை பெய்தது. மறுநாள் ஒலிம்பிக் பூங்காவுக்குப் போனோம். இங்கேயும் ஒரு செயற்கைக் குன்று; இரண்டாம் உலகப் போரில் இடிந்த மியூனிக்கின் கட்டட இடிபாடுகளைக் குவித்தது. இந்த ஊர் தன் குப்பையையும் அழிவையும் மலையாக்கி, மேலே ஏறி நின்று காற்று வாங்குகிறது. உச்சியிலிருந்து பார்த்தால் 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்தின் கூரை, காயப்போட்ட சிலந்திவலை மாதிரி கம்பங்களில் தொங்குகிறது.

1974 உலகக் கோப்பை இறுதியில் கெர்ட் முல்லர் ஜெர்மனியை ஜெயிக்க வைத்தது அந்தக் கூரைக்குக் கீழேதான். 43ஆவது நிமிடம். காலில் பட்ட பந்து சற்றுப் பின்னால் போய்விட, உடம்பை அதற்கேற்பத் திருப்பி வலது காலால் தட்டிவிட்டார். 1988 ஐரோப்பியக் கோப்பை இறுதியில், இடது ஓரத்திலிருந்து இடதுகால்காரர் முஹ்ரன் தூக்கிப் போட்ட பந்தை, வலப்பக்கத்தில் கோணமே இல்லாத இடத்தில் நின்று வான் பாஸ்டன் வலது காலால் அடித்ததும் அங்கேதான். இரண்டிலும் கால்தான் பேர் வாங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தால், வேலை செய்வது மற்ற கால் என்று தெரியும். முல்லரின் உடம்பு முழுவதும் எந்தக் காலின் மேல் திரும்பியது? வான் பாஸ்டனை அந்தரத்துக்கு அனுப்பியது எது?

அடிவாரப் புல்வெளியில் பையன் பந்தை வைத்தான். இரண்டு மரங்கள் கோல் கம்பங்கள். மழையில் தரை ஊறி, பந்து வைத்த இடத்தில் புல் தேய்ந்து மண் குழைவாக இருந்தது. பத்து முறை வலது காலால் அடி என்றேன். ஏழெட்டு உள்ளே போனது. பத்து முறை இடது காலால். இரண்டுதான் போனது, ஒன்று சறுக்கிப் போய் அவனே மண்ணில் உட்கார்ந்தான்.

“நான்தான் சொன்னேன்ல, எனக்கு ஒரு ஸ்டார்தான்” என்று எழுந்து பின்பக்கத்தைத் தட்டினான்.

“இங்க வா. தரையைப் பாரு.”

மண்ணில் தடங்கள் இருந்தன. வலது காலால் அடித்தபோது ஊன்றிய இடது காலணியின் தடம், பந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே பள்ளமாகியிருந்தது. நுனி கோலைப் பார்த்திருந்தது. இடது காலால் அடித்தபோது ஊன்றிய வலது காலின் தடங்களோ நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. ஒன்று பந்துக்கு மிகப் பின்னால். ஒன்று பந்தை மிதிப்பது போல. ஒன்று நுனி பூங்கா ஏரிப்பக்கம் பார்த்தபடி. ஒன்று நீளமாகச் சறுக்கியிருந்தது. அது அவன் விழுந்த அடி.

பையன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். “அப்ப என் லெஃப்ட் கால் மோசமில்லையா?”

“லெஃப்ட் காலுக்கு அடிக்கத் தெரியல. அது சரிதான். ஆனா ரைட் காலுக்கு நிக்கத் தெரியல. அதை யாரும் உனக்குச் சொல்லல.”

மதுரையில் மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்தின் முன் அப்பத்தா என்னை நிறுத்திச் சொன்ன கதையை அவனுக்குச் சொன்னேன். எல்லாச் சிவன் கோயிலிலும் நடராஜர் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கியிருப்பார். மதுரையில் மட்டும் இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கியிருப்பார். ராஜசேகர பாண்டியன் ஆயகலைகளில் பாக்கியிருந்த நாட்டியத்தையும் கற்றுக்கொள்ளப் போனான். ஆடிப் பார்த்தவனுக்குக் கால் கடுத்தது. உடனே அவனுக்குத் தன் வலி மறந்து சாமியின் வலி நினைவுக்கு வந்தது: எத்தனை யுகமாக ஒரே காலில் நிற்கிறார்! கால் மாற்றி ஆடுங்கள் என்று அழுது வேண்டினான். மாற்றி ஆடினார். திருவிளையாடல் புராணத்தில் இது ஒரு தனிப் படலம்.

அந்த ராஜாவிடம் நான் வியப்பது ஒன்றுதான். உலகம் முழுவதும் தூக்கிய திருவடியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவன் ஒருவன்தான் ஊன்றிய காலைப் பார்த்தான். ஆடிப் பார்த்ததால் பார்த்தான்.

பலவீனக் கால் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு கால்களின் கதை. வலதுகால்காரனின் இடது கால் சிறுவயது முதல் லட்சம் முறை ஊன்றிப் பழகியது. நிற்பதில் அதுதான் கெட்டி. கால் மாற்றி அடிக்கச் சொன்னால், அடிக்கத் தெரியாத கால் அடிக்கிறது, நிற்கத் தெரியாத கால் நிற்கிறது. அதனால்தான் நல்ல பயிற்சியாளர்கள் பந்தைப் பார்ப்பதற்கு முன் ஊன்றும் காலைப் பார்க்கிறார்கள். விளையாட்டைத் தயாரிக்கிறவர்கள் பலவீனத்தைப் பந்தின் பாதையில் பிழையாகச் சேர்ப்பதைவிட, ஊன்றும் காலில் சேர்க்கலாம். அரை அடி முன்னே பின்னே விழும் அடி. உடம்பு பின்னால் சாய்வது. ஈரத் தரையில் சறுக்குவது. பந்து தானாகவே தப்பாகப் போகும். பார்க்கிறவனுக்கும் ஏன் என்று புரியும். குட்டை பாஸுக்கு இடது காலை நம்புகிறவன் ஷாட்டுக்கு நம்பமாட்டான். எதிராளி தள்ளி நின்றால் நம்புகிறவன் நெருங்கினால் நம்பமாட்டான். அதற்கெல்லாம் ஒரே எண் போதாது.

இரண்டு காலிலும் நிற்கத் தெரிந்தவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆந்திரியாஸ் பிரேமே இந்த ஊரில் இரண்டு வருடம் பாயர்னுக்கு ஆடியவர். 2024 பிப்ரவரியில் இந்த ஊரில்தான் இறந்தார். ஜெர்மனியின் லெஃப்ட் பேக். 1990 உலகக் கோப்பை இறுதியில், ரோமில், 85ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகப் பெனால்டி கிடைத்தது. எடுத்திருக்க வேண்டிய கேப்டன் மத்தேயஸ் காலணி உடைந்து இடைவேளையில் வேறு மாட்டியிருந்தார். அந்தப் புதுக் காலணியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிரேமே வந்தார். வலது காலால் அடித்தார். கோல்கீப்பர் கொய்கோச்சியா சரியான பக்கம்தான் பாய்ந்தார். பந்து அவர் விரலுக்கு அப்பால் கம்பத்தை ஒட்டி உள்ளே போனது. இடது ஓரத்தில் காலமெல்லாம் ஆடியவர், வாழ்க்கையின் பெரிய அடிக்கு இடது காலை ஊன்றி நின்றார். காலணியை நம்பாத ஒருவரும், எந்தக் காலையும் நம்பிய ஒருவரும் சேர்ந்து வாங்கிய கோப்பை அது.

“அவருக்கு அஞ்சு ஸ்டார்” என்றான் பையன். இந்த முறை நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் இடது காலால் இன்னும் இருபது முறை அடித்தான். அடித்து முடித்ததும் பந்து போன திசையைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது காலின் தடத்தைப் பார்த்தான்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய ராத்திரி. பெட்டி கட்டி வாசலில் வைத்தாயிற்று. எடை கூடுமோ என்று தங்கை இரண்டு முறை தூக்கிப் பார்த்துவிட்டாள். பையன் வழக்கமான இடத்தில் சப்பணமிட்டிருந்தான். அதே கிளப், அதே விங்கர். இடதுகால்காரன் வலது ஓரமாக ஓடினான், பெட்டிக்குள் நுழைந்தான், பந்து வலது காலருகே வந்தது. முதல் ராத்திரி அடித்த அதே இடம். பையனின் கட்டை விரல் பட்டனுக்கு மேலே நின்றது. அமுக்கவில்லை. குச்சியைத் திருப்பிப் பந்தை உள்ளே இழுத்தான். ஒரு டச். இன்னொரு டச். இடது காலுக்குப் பந்து வருவதற்குள் டிஃபெண்டர் காலை நீட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த நிமிடம் எதிர்ப்பக்கம் கோல்.

பையன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“இப்ப நிஜமா இருக்கா மாமா?”

“அப்படியே என்னை மாதிரியே இருக்குடா.”

“ஆனா தோத்துட்டேனே.”

“நானும்தான்.”